இல்லாதவளின் போன் நம்பர்

“அந்தப் பொண்ணோட நம்பர் வேணும்.”

போனை எடுத்த சின்னவன் சிரித்துவிட்டான். “சார், இது மெத்தைக் கடை.”

“மெத்தைக் கடைதாம்ப்பா. உங்க வெப்சைட்ல நீளமா எழுதியிருக்கீங்களே, அதுல வர்ற பொண்ணு. படுத்த படுக்கையா கிடந்த அம்மாவைத் தனியாப் பார்த்துக்கிட்டாங்களே, அவங்க. ரெண்டு வார்த்தை பேசணும்.”

சின்னவன் போனைக் கையால் பொத்தினான். வெட்டு மேஜையின் கோடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். “உங்க டிபார்ட்மென்ட் அண்ணி. கதையில வர்ற பொண்ணுக்குப் போன் வந்திருக்கு.”

அவளும் சிரித்துக்கொண்டேதான் போனை வாங்கினாள்.

“நான் பஸ் டிரைவரும்மா,” என்றது மறுமுனை. பின்னால் வண்டிகள் உறுமும் சத்தம். “போன வாரம் உங்ககிட்ட ஆறு இன்ச் மெத்தை வாங்கினேன். என் சம்சாரத்துக்கு. பக்கவாதம். ஒரு கை மட்டும் அசையுது, மத்தபடி கட்டிலோட சரி. ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அலாரம் வெச்சு எழுந்து எழுந்து, பகல்ல ஸ்டியரிங் முன்னாடி எனக்குக் கண்ணு சொருக ஆரம்பிச்சிடுச்சு. பின்னாடி பஸ் நிறைய ஜனம். அப்பத்தான் நீங்க எழுதினதைப் படிச்சேன். டிப்போல உக்காந்து நாலஞ்சு தடவை படிச்சேன். அவளுக்கும் படிச்சுக் காட்டினேன்.”

“ஓ...”

“மெத்தை வந்த அன்னிக்கே அலாரத்தை எடுத்துட்டேம்மா. அந்தப் பொண்ணு மாதிரியே. இப்பல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன். அவங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும். அப்புறம் ஒரு சந்தேகம்.”

“என்ன சந்தேகம்?”

“இவளுக்கு இடுப்புகிட்ட கொஞ்சம் சிவந்திருக்கு. அவங்க அம்மாவுக்கும் ஆரம்பத்துல அப்படி இருந்துச்சான்னு கேக்கணும்.”

மறுமுனையில் யாரோ விசில் அடித்தார்கள்.

“வண்டி எடுக்கணும். சாயங்காலம் பேசறேன். நம்பரை மட்டும் வாங்கி வைங்கம்மா, புண்ணியமா போகும்.”

“சார், ஒரு நிமிஷம்—”

லைன் போய்விட்டது. அவள் உடனே திருப்பி அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். வண்டி எடுத்தால் டிரைவர்கள் போனை அணைத்துவிட வேண்டும் என்பது டிப்போ விதி.

“என்னவாம்?” என்றான் சின்னவன்.

சொல்ல என்ன இருக்கிறது? அம்மாவைத் தனியாளாகப் பார்த்துக்கொண்ட அந்த மகளுக்கு நம்பர் கிடையாது. வீடு கிடையாது. அம்மாவே கிடையாது. அப்படி ஒருத்தி இந்த உலகத்தில் பிறக்கவேயில்லை.

அந்த வாரம் முழுக்க மழை. மெத்தைத் தொழிலுக்கு மழை எமன். ஃபோம் அட்டைகளுக்கு நடுவில் அடிக்கும் பசை காய மாட்டேன் என்று அழும்பு செய்யும். தைத்து வைத்த உறைகளில் நமுத்த வாடை ஏறும். கீழே பட்டறை, மேலே இரண்டு அறை என்ற அந்த வீட்டில், மழைக்காலத்தில் மாடிப்படியில் கூட உறைகள்தான் காயும். சாப்பிடப் போகிறவர்கள் துணிகளை விலக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும்.

மெத்தைக்காரன் அவளுடைய கணவன். அளந்து பேசுகிறவன். ஓரம் அடிக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டு மெத்தையைச் சுற்றிச் சுற்றி நடப்பான். மெஷினின் தாளத்துக்கு அவன் தலை தானாக ஆடும். மெத்தைகளை வேனில் ஏற்றி வீடு சேர்ப்பதும், போன் எடுப்பதும், ஊர் வம்பை உள்ளே கொண்டுவருவதும் அவன் தம்பி சின்னவன். மேலே சமையலும் கீழே எல்லோர் மேலும் ஒரு கண்ணுமாக மாமியார்.

அவள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கம்பெனி ஆபீசில் கடிதம் அடித்தவள். பெரிய சாலையில் கண்ணாடி போட்ட மெத்தை ஷோரூம் ஒன்று திறந்து, இவர்கள் கடைக்கு ஆள் வருவது நின்றபோது, “எழுதினா வருவாங்க” என்று அவள்தான் ஆரம்பித்தாள். ஏஐ ஒன்றைப் பிடித்தாள். மாமியார் அதற்கு வைத்த பெயர் குமாஸ்தா.

“சம்பளம் கேக்காத குமாஸ்தா எந்தக் கடையிலயும் நிலைச்சதில்ல, பார்த்துக்கோ,” என்பாள் மாமியார்.

ஆனால் குமாஸ்தா உழைத்தது. நாலு வரி எழுதினால் ஆட்கள் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள், நீளமாக எழுதினால் நின்று படிக்கிறார்கள், படித்தவர்கள் போன் செய்கிறார்கள் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். ஒவ்வொரு பகுதிக்கும் குறிப்பு கொடுப்பாள், அது எழுதும். முதுகுவலிக்காரர்களுக்கு ஒரு பகுதி, குழந்தைகளுக்கு ஒரு பகுதி, வயதானவர்களுக்கு ஒன்று. பிறகு, ‘சுருக்கு.’ பிறகு, ‘இன்னும் மனசைத் தொடுகிற மாதிரி.’ பிறகு, ‘தடங்கல் இல்லாமல் ஓட விடு.’ இப்படி மூன்று நான்கு முறை சலித்து எடுத்தால், வரிகள் புது ஃபோம் மாதிரி அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பும்.

ஒரு முறை குமாஸ்தா ஆறு இன்ச் மெத்தையை எட்டு இன்ச் என்று எழுதிவிட்டது. வாங்கியவர் டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. எண் இருக்கும் வரியை எல்லாம் அவள் உரக்கப் படிப்பாள். மெத்தைக்காரன் மெஷினை ஓட்டிக்கொண்டே “சரி” என்பான், அல்லது டேப்பை எடுப்பான். கனம், நீளம், அகலம், எடை எல்லாம் தப்பாமல் பார்ப்பார்கள். எண் இல்லாத வரிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கதை.’ கதையை அவள் வேகமாகப் படித்துக்கொண்டு போவாள். அவன் தலை ஆடிக்கொண்டிருக்கும்.

“அண்ணன் தலையாட்டறது உங்களுக்கு இல்ல அண்ணி, மெஷினுக்கு,” என்று சின்னவன் ஒரு முறை சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது அவள் குமாஸ்தா எழுதிய பழைய வரைவுப் படிகளை லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். கடைசிப் படியில் அந்த மகள் இருந்தாள். ‘இரவில் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க நான் எழுந்ததே இல்லை. அம்மாவின் உடம்பில் ஒரு புண் கூட வரவில்லை. காலையில் அம்மா சிரித்த முகத்தோடு என்னைப் பார்ப்பார்.’ அதற்கு முந்தைய படியிலும் இருந்தாள். எல்லாவற்றுக்கும் முதல் படியை அவள் திறந்தாள்.

அங்கேயும் அதே மகள்தான். ஆனால் அவள் பேச்சுக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருந்தது. ‘இது மாதிரிக்காக எழுதிய கற்பனை அனுபவம். உண்மையான வாடிக்கையாளர் சொன்னதை இங்கே போடவும். மருத்துவ ரீதியான கூற்றுகளைச் சரிபார்க்கவும்.’

குமாஸ்தா சொல்லித்தான் இருக்கிறது.

அடுத்து அவள் கொடுத்திருந்த கட்டளையையும் பார்த்தாள். தன் விரலால் தானே அடித்தது. ‘அடைப்புக்குறிகள் படிக்கத் தடங்கலாக இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிடு.’

எடுத்துவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்கிற குமாஸ்தா.

மதியச் சாப்பாட்டுக்கு யாரும் மேலே போகவில்லை. மாமியாரே சோற்றுப் பாத்திரத்தையும் வேகவைத்த முட்டைகளையும் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். வெட்டு மேஜை மேல் வைத்துவிட்டு மருமகளின் முகத்தைப் பார்த்தாள். “யார் செத்தா?”

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

“இவ்வளவுதானா?” சின்னவன் ஒரு முட்டையை உரித்தபடி சொன்னான். “சாயங்காலம் நீங்களே பேசிடுங்க அண்ணி. நான்தான் அந்தப் பொண்ணுன்னு சொல்லுங்க. அம்மாவுக்கும் சிவந்துச்சு, மறுபடி திருப்ப ஆரம்பிச்சேன், சரியாப் போச்சுன்னு சொல்லிடுங்க. அந்தாளும் திருப்ப ஆரம்பிச்சிடுவார், கடை பேரும் தப்பிக்கும். கல்லு ஒண்ணு, காய் ரெண்டு.”

“பொய்யை அடைக்க இன்னொரு பொய்யா?”

“பொய்யின்னு ஏன் சொல்றீங்க? நடிப்புன்னு வைங்க. பாதி ஊரு அதுலதான் பொழைக்குது.”

“அவன் சொல்றதுலயும் விஷயம் இருக்கு,” என்றாள் மாமியார். “விளம்பரத்துல எவன்டி உண்மை எழுதறான்? சோப்புக்காரன் எழுதினதை நம்பி நானும் எத்தனையோ வருஷமா தேய்க்கறேன், இந்த மூஞ்சி வெளுத்துச்சா? நான் போய்க் கேஸ் போட்டேனா?”

“அத்தை, அந்தம்மாவுக்கு இடுப்பு சிவந்திருக்கு.”

“என்னது?”

“இடுப்புகிட்ட சிவந்திருக்காம். திருப்பறதை நிறுத்தினதுலேர்ந்து.”

மாமியார் கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள். பக்கத்தில் கிடந்த ஃபோம் அட்டை மேல் உட்கார்ந்தாள். “எங்க அக்கா கிடந்தப்ப நான்தான் போய் இருந்தேன்,” என்றாள். குரல் மாறிவிட்டது. “முதல்ல சிவப்புதான். கொசு கடிச்ச மாதிரி. அப்புறம் ஒரு நாள் துணியை எடுக்கறேன், தோலும் கூடவே வருது.”

சின்னவன் முட்டையை உரித்த பிறகும் வாயில் போடவில்லை.

மெத்தைக்காரன் மெஷினை ஓட்டிக்கொண்டு மெத்தையின் நாலாவது மூலைக்கு வந்திருந்தான்.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது இத்தனை மாதங்களாக என்ன செய்து பழகினாளோ அதையே செய்தாள். லேப்டாப்பை இழுத்து, ‘வாடிக்கையாளர் ஒருவரிடம் நடந்த தவறுக்கு மன்னிப்பு கேட்க வேண்டும்’ என்று அடித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பக்கம் வந்தது. ‘சுருக்கு’ என்றாள். சுருங்கியது. ‘இன்னும் உண்மையாக’ என்றாள். வந்ததை உரக்கப் படித்தாள். “‘உங்கள் நம்பிக்கையே எங்கள் மூலதனம். அந்த நம்பிக்கைக்கு ஏற்பட்ட சிறு பின்னடைவுக்கு எங்கள் ஆழ்ந்த—’”

“நிறுத்துடி,” என்றாள் மாமியார். “இதுவும் மெத்தை விக்கற மாதிரியே இருக்கு.”

அப்போதுதான் மெஷின் நின்றது. மழைச் சத்தம் திடீரென்று உள்ளே வந்தது போல இருந்தது.

“அந்த வரியை நீ என்கிட்ட படிச்சியா?” என்றான் மெத்தைக்காரன்.

“படிச்சேன்.”

“நான் தலையாட்டினேனா?”

அவள் லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள்.

“ஆட்டியிருப்பேன்.” அவன் விரல்களில் ஒட்டியிருந்த காய்ந்த பசையை உரித்துக்கொண்டே தம்பியிடம் திரும்பினான். “வேனை எடு. வீடு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும். மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது.” சின்னவன் சாவியைத் தேடினான். “அண்ணே, அவர் டூட்டில இருக்கார். போய் யார்கிட்ட பேசுவோம்?”

“அந்தம்மா வீட்லதானே இருக்காங்க? படுத்திருக்கறது அவங்கதானே?”

மாமியார் மாடிக்கு ஓடினாள். துவைத்துத் துவைத்துப் பூவாக மெலிந்திருந்த ஒரு பருத்திப் போர்வையோடு இறங்கி வந்து மருமகளின் மடியில் திணித்தாள். “திருப்பறதுன்னா கையால இழுக்காதீங்க. அடியில இதைப் போட்டுத் துணியோட சேர்த்துத் திருப்புங்க. தோல் தேயக் கூடாது.”

வேனில் மூவரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வைப்பர் ஒன்று வேலை செய்தது, ஒன்று நடித்தது. சிக்னலில் அவள் போனில் வெப்சைட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை முழுவதுமாக எடுத்தாள். ஒரு மாத வேலை, ஒரு தொடுதலில் போயிற்று. போனை மூடி வைத்தபோது அவள் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை.

சின்னவன் ரொம்ப நேரம் வாயைத் திறக்கவில்லை. அவன் பேசாமல் இருந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

“என்னடா?” என்றான் அண்ணன்.

“ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.”

“சொல்லு.”

“மெத்தையை ஏத்திவிட்டப்ப கட்டில்ல ஏற்கெனவே ஒரு காத்து மெத்தை இருந்துச்சு. ஆஸ்பத்திரில வாங்கச் சொன்னது. அதோட மோட்டார் ராத்திரி முழுக்கக் கொர்ருன்னு சத்தம் போடுது, இனிமே இது வேணுமான்னு என்னைக் கேட்டார்.”

“நீ என்ன சொன்னே?”

“நம்ம மெத்தை வந்திடுச்சு, இனி இது எதுக்கு சார், மடிச்சுப் போடுங்கன்னு...” அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான். “நானே மடிச்சு பால்கனியில வெச்சேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார்.”

“உனக்கு எப்படிடா தெரியும், வேணாம்னு?”

“அண்ணி எழுதியிருந்தாங்களே.”

வேனை நிறுத்திவிட்டு மூன்று பேரும் மூன்று மாடி ஏறினார்கள்.

கதவைத் திறந்தது எதிர்வீட்டுக்காரி. டிரைவர் டூட்டிக்குப் போகும் நேரமெல்லாம் துணைக்கு இருக்கிறவள். கையில் உரித்துக்கொண்டிருந்த பட்டாணிக் கிண்ணத்தோடு நின்றாள். மெத்தைக் கடையிலிருந்து என்றதும் முகம் மலர்ந்தது. “நல்ல மெத்தைங்க. எனக்குக் கூட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். முன்னாடியெல்லாம் பகல்ல நான் திருப்பி விடுவேன். இப்ப வேணாம்னுட்டார். எனக்கும் கை வலி மிச்சம்.”

அறை சின்னது. சுத்தமாக இருந்தது. சுவரில் பெரிய எழுத்தில் ஆஸ்பத்திரி நர்ஸின் நம்பர். ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலில் இவர்களுடைய ஆறு இன்ச் மெத்தை. அதன் மேல் மல்லாந்து கிடந்தாள் டிரைவரின் மனைவி. தலை வாரி, நெற்றி துடைத்து, யாரோ பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள். முகத்தில் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கண்கள் மட்டும் இறங்கவில்லை. அவை வந்தவர்களை ஒவ்வொருவராக அளந்தன.

அவள் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டாள். “அக்கா, அந்த மெத்தையைப் பத்தி எழுதினது நான்தான். உங்க இடுப்பைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?”

டிரைவரின் மனைவி இடது கையைத் தூக்கினாள். அந்தக் கை எழுதியவளின் மணிக்கட்டைப் பிடித்தது. வலிக்கும்படி பிடித்தது. பிறகு விட்டது.

ஆண்கள் இருவரும் பால்கனிக்குப் போனார்கள். எதிர்வீட்டுக்காரி நர்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“சிவந்த இடத்தை விரலால அழுத்தி எடுங்க,” என்றது நர்ஸின் குரல். “வெள்ளையாகுதா?”

அவள் அழுத்தி எடுத்தாள். உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு. மாறவேயில்லை. “இல்லைங்க. அப்படியே இருக்கு.”

“திருப்பறதை நிறுத்திட்டீங்களா? யார் சொன்னா நிறுத்தச் சொல்லி?”

எதிர்வீட்டுக்காரி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“உடனே ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அந்த இடத்துல பாரமே படக் கூடாது. தேய்க்காதீங்க, மருந்து எதுவும் போடாதீங்க. காத்து மெத்தை வாங்கச் சொன்னோமே, அது எங்க? அதைப் போடுங்க. போட்டாலும் திருப்பணும், புரியுதா? எந்த மெத்தையும் திருப்பற கைக்குப் பதிலாகாது. காலையில நான் வந்து பார்க்கறேன்.”

பால்கனியில் சின்னவன் ஏற்கெனவே காற்று மெத்தையைப் பிரித்து, தான் மடித்த மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தான். மெத்தைக்காரன் உள்ளே வந்து கட்டிலை ஒரு முறை சுற்றி நடந்தான். பட்டறையில் நடக்கிற அதே நடை. போர்வையை நீளவாக்கில் பாதியாகச் சுருட்டினான். “நீ தோளைப் பிடி. எதிர்வீட்டம்மா காலைப் பிடிக்கட்டும். நான் சொல்லும்போது மட்டும்.” எவ்வளவு கனமான மெத்தைக்கும் கசங்காமல் உறை மாட்டிப் பழகிய கைகள். டிரைவரின் மனைவி இந்தப் பக்கம் சாய்ந்தாள், போர்வை அடியில் போனது, அந்தப் பக்கம் சாய்ந்தாள், போர்வை மறுபக்கம் வந்தது. பிறகு போர்வையோடு அவளைத் தூக்க, சின்னவன் மெத்தையின் மேல் காற்று மெத்தையை விரிக்க, மோட்டார் கொர்ரென்று ஆரம்பித்தது.

ஒருக்களித்துப் படுத்ததும் டிரைவரின் மனைவி மூச்சை விட்டாள். நாட்கணக்கில் அடக்கி வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது.

மழை விட்டு வெளிச்சம் மஞ்சளாக மாறிய நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டிரைவர் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றார். தோளில் ஈரம். கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தன் மனைவியின் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். சின்னவனைப் பார்த்தார். மெத்தைக் கடைக்காரர்கள் என்று புரிந்தது. அவர் முகம் அப்படியே விரிந்தது.

“நேர்லயே கூட்டிட்டு வந்துட்டீங்களா?” என்றார். “அம்மாவைப் பார்த்துக்கிட்டது நீங்கதானேம்மா?”

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். ஒரு தலையாட்டல் போதும். எல்லாம் சரியாகிவிடும். இடுப்பு பத்திரம், கடை பத்திரம், இந்த மனிதரின் சிரிப்பும் பத்திரம். சும்மா ஒரு தலையாட்டல்.

“இல்லைங்க,” என்றாள் அவள். “அப்படி ஒருத்தி இல்லை.”

“இல்லைன்னா? இறந்துட்டாங்களா?”

“இருந்ததே இல்லைங்க. ஒரு கதை சேர்த்து எழுதுன்னு கம்ப்யூட்டர்கிட்ட நான் சொன்னேன். அது எழுதிச்சு. கற்பனைன்னு கீழ எழுதியும் காட்டுச்சு. அந்த வரியை நான்தான் எடுக்கச் சொன்னேன். தெரிஞ்சு எடுக்கலை. பார்க்காம எடுத்தேன். எங்க மெத்தையில படுத்தா புண்ணு வராதுங்கறது பொய். அக்காவுக்கு ஆரம்பிச்சிருச்சு. நர்ஸ்கிட்ட பேசிட்டோம்.”

டிரைவர் ரொட்டிப் பாக்கெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கட்டிலுக்குப் போய் மனைவியின் உடையை விலக்கிப் பார்த்தார். திரும்பி வந்து அவர்கள் எதிரில் நின்றார்.

“நான் படிச்சவன் இல்லம்மா. ஆனா படிப்பேன். எழுதியிருந்தா யாரோ ஒருத்தர் பட்டுத்தான் எழுதியிருப்பாங்கன்னு நினைப்பேன்.” குரல் ஏறியது. “என் கையாலேயே இவளைப் புண்ணாக்க வெச்சுட்டீங்களே! மெத்தை விக்கணும்னா கனத்தை எழுது, விலையை எழுது! ஒரு அம்மாவைப் படுக்கப் போட்டு, அதுக்கு ஒரு மகளை அழ வெச்சு... என்ன ஜென்மம்மா நீங்கள்லாம்?”

மெத்தைக்காரன் ஒரு அடி முன்னால் வந்தான். “சார், நானும்தான்—”

“நீ பேசாதே!” என்றார் டிரைவர். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கோபம் இறங்கியபோது அவர் இன்னும் வயதானவராகத் தெரிந்தார். “மெத்தை போனா போகுது. எனக்கு முன்னாடி ஒருத்தி இதைத் தனியாளா செஞ்சு முடிச்சிருக்கான்னு நினைச்சுட்டிருந்தேன். அவளால முடிஞ்சா என்னாலயும் முடியும்னு. பஸ் ஓட்டும்போது மனசுக்குள்ள அவகூடப் பேசிக்கிட்டே ஓட்டுவேன். அதையும் சேர்த்துப் பிடுங்கிட்டீங்க.”

மோட்டார் மட்டும் கொர்ரென்றது.

“போங்க,” என்றார். “மெத்தையை எடுத்துட்டுப் போங்க.”

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சாக ஆகாத சத்தம். டிரைவரின் மனைவி இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள். டிரைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திருப்பும் நேரம்.

அவர் எழுந்து ஒரு பக்கம் போய்க் குனிந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். மெத்தைக்காரனின் மனைவி யாரையும் கேட்காமல் மறுபக்கம் போய்ப் போர்வையின் விளிம்பைப் பிடித்தாள். டிரைவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். போ என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்.

“மெதுவா,” என்றார் அவர். “அந்தத் தோளு அவளுக்கு வலிக்கும்.”

இருவரும் சேர்ந்து திருப்பினார்கள்.

அந்தச் சிவப்பு சும்மா போகவில்லை. ஒரு இடத்தில் தோல் உரிந்தது. நர்ஸ் வந்து கட்டுப் போட்டு, திட்டி, மறுபடி வந்து கட்டு மாற்றி, மழைக்காலம் முடிந்த பிறகுதான் ஆறியது. அதுவரை சின்னவன் சாயங்காலங்களில் வேனை நேராக அந்த வீட்டுக்கு விட்டான். டிரைவர் படுத்துத் தூங்க, இவன் திருப்பும் நேரத்துக்கு விழித்திருந்தான். முதல் நாள் டிரைவர் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் திறந்து, “உள்ள வா, வாயை மட்டும் திறக்காதே” என்றார். சின்னவன் அவருடைய மனைவியோடு சீட்டு விளையாடக் கற்றுக்கொண்டான். அந்த இடது கை ஏமாற்றுகிறது என்று வீட்டில் வந்து புகார் சொன்னான்.

பட்டறையில் ஆர்டர் குறைந்தது. இல்லை என்று சொல்வதற்கில்லை. பசை காய்ந்த மெத்தைகள் ஆள் வராமல் சுவரில் சாய்ந்து நின்றன. மாமியார் அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். ஆனால் குமாஸ்தாவை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. “அவன் சொல்லித்தானே இருக்கான், பாவம்,” என்றாள்.

ஒரு நாள் டிரைவரே போன் செய்தார். “எழுதிட்டியாம்மா?”

“எதைங்க?”

“உன் வெப்சைட்டு பக்கம் காலியா கிடக்கே. என்னை மாதிரி இன்னொருத்தன் வந்து வேற எவன்கிட்டயாவது ஏமாறணுமா? நான் சொல்றேன், எழுதிக்கோ. என்னைத்தான் சொல்றேன், கதை இல்ல.”

அவர் சொன்னார், அவள் அடித்தாள். ‘மெத்தை நல்லா இருக்கு. படுத்தவங்களுக்குப் புண்ணு வராதுன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. நான் நம்பினேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்புங்க. தனியா முடியாது. முடியும்னு நினைச்சு நான் கெட்டேன். யாரையாவது கூப்பிடுங்க. வெக்கப்படாதீங்க.’

குமாஸ்தாவிடம் கொடுத்து எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னாள். பிழையைத் திருத்தியதோடு, ‘நான் கெட்டேன்’ என்பதை ‘நான் சிரமங்களைச் சந்தித்தேன்’ என்று மாற்றலாமே என்று அது யோசனை சொன்னது. அவள் வேண்டாம் என்றாள். அது சரி என்றது.

இப்போது அவள் படிக்கும்போது மெஷின் ஓடுவதில்லை. மெத்தைக்காரன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறான். எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான். “இதை யார் சொன்னா?” பதில் இல்லாத வரி போய்விடும். கட்டுரைகள் பாதியாகக் குறைந்துவிட்டன.

வெயில் அடித்த ஒரு காலையில் போன் வந்தது. சின்னவன் எடுத்தான். மறுமுனையில் ஒரு பெண் குரல். தயங்கித் தயங்கிப் பேசியது. அப்பா படுக்கையில் இருக்கிறாராம்.

“உங்க வெப்சைட்ல படிச்சேன். அந்த டிரைவர் எழுதியிருந்தது. அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். நம்பர் கிடைக்குமா?”

சின்னவன் போனைப் பொத்தவில்லை. அண்ணியைப் பார்த்தான். அவள் எழுந்து வந்து போனை வாங்கினாள்.

“தர்றேன். எழுதிக்கோங்க,” என்றாள். “இப்ப வண்டில இருப்பார், போன் ஆஃப்ல இருக்கும். சாயங்காலம் அடிங்க. முதல்ல கொஞ்சம் கடுப்பா பேசுவார், வெச்சுடாதீங்க.”

“நிஜமாவே அப்படி ஒருத்தர் இருக்காரா? சில இடத்துல சும்மா எழுதறாங்கன்னு...”

“இருக்கார்மா,” என்றாள் அவள். “இருக்கார்.”